மூன்று முறை தெளித்தும் போகாத சிலந்திப்பேன்

வாசகியின் கடிதத்திலிருந்து:

எங்கள் நாட்டுச் சட்டப்படி ஒரு வீட்டில் நான்கு கஞ்சாச் செடி வளர்க்கலாம். கணவருக்குப் பல வருடமாக நரம்பு வலி. மருத்துவர் சொன்ன அளவில் பூவைச் சூடாக்கி, அதன் ஆவியை உள்ளிழுக்கிறார். அதற்காகத்தான் இந்தச் செடிகள். வீட்டுக்குள் விளக்கு வைத்துச் செடி வளர்க்கும் டென்ட் இரண்டு வைத்திருக்கிறேன். பெரிய டென்ட்டில் இரண்டு செடி, பூக்கத் தொடங்கி ஐந்தாவது வாரம். அறுவடைக்கு இன்னும் நான்கு வாரம் ஆகும். சின்ன டென்ட்டில் இரண்டு இளஞ்செடி. போன மாதம் இலைகளில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. சத்துக் குறைபாடு என்று நினைத்து உரத்தைக் கூட்டினேன். பிறகுதான் சிலந்திப்பேன் என்று தெரிந்தது. இளஞ்செடிகளுக்கு வாரம் ஒரு முறை என்று மூன்று வாரம் வேப்பெண்ணெய் தெளித்தேன். பூத்த செடிகளில் மோசமாக இருந்த ஒன்றுக்கும் ஒரு முறை அடித்தேன். குறையவில்லை. அந்தச் செடியின் இரண்டு உச்சிப் பூக்களில் இப்போது வலை கட்டிவிட்டது. இன்னொன்றில் புள்ளி மட்டும்தான், வலை இல்லை. லென்ஸில் பார்த்தால் சில பேன்கள் ஆரஞ்சு நிறமாக இருக்கின்றன. அது வேறு இனமா? ரோஜாவுக்கு வாங்கிய ஆபமெக்டின் பூச்சிமருந்து வீட்டில் மிச்சம் இருக்கிறது. அடிக்கலாமா? பால்கனி ரோஜாவைக் குளிருக்காக அதே அறையில்தான் வைத்திருக்கிறேன். டென்ட்டுக்குள் வெப்பம் 29 டிகிரி. மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அந்த ஆபமெக்டின் பாட்டிலை மூடி இறுக்கி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பேசுவோம்.

ஏன் கூடாது என்றால், அந்த லேபிளில் எழுதியிருக்கும் அளவு ரோஜாவுக்காகச் சோதித்து எழுதியது. ரோஜாவை யாரும் சூடாக்கி மூச்சில் இழுப்பதில்லை. காய்கறிக்கு அனுமதித்த மருந்தாக இருந்தாலும் கதை அதுதான். தின்னும் பொருளுக்கு வகுத்த பாதுகாப்பு அளவு, வயிறும் கல்லீரலும் இடையில் நிற்பதைக் கணக்கில் வைத்து வகுத்தது. ஆவியாக இழுத்தால் நுரையீரலிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போய்விடும். போதாததற்கு, சூட்டில் சில மருந்துகள் வேறொன்றாக மாறிவிடுகின்றன. மைக்ளோபியூட்டனில் என்று ஒரு பூஞ்சைக்கொல்லி உண்டு. சாம்பல் நோய்க்குப் பழத்தோட்டங்களில் சாதாரணமாக அடிப்பது. சூடாக்கினால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிவரும். ஆபமெக்டின் வேறு வகை மருந்து, ஆனால் நரம்பைத் தாக்கும் நஞ்சு. தெளித்தால் இலையின் திசுவுக்குள் இறங்கிவிடும், அப்புறம் கழுவி எடுக்க வழியில்லை. உங்கள் கணவருக்கு நரம்பு வலி என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அலமாரியில் தொங்கவிடும் பூச்சிக்கொல்லிப் பட்டை ஒன்று கடைகளில் கிடைக்கும், டைக்குளோர்வாஸ் ஊறியது. டென்ட்டில் ஒன்றைத் தொங்கவிட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். ஆட்கள் புழங்கும் வீட்டில், பூத்த செடிக்குப் பக்கத்தில், அதையும் வைக்காதீர்கள்.

இனி உங்கள் படங்கள். மூன்றும் இலையின் மேல்பக்கம். பேன் குடியிருப்பது அடிப்பக்கம். உங்கள் வேப்பெண்ணெய் ஏன் வேலை செய்யவில்லை என்பதில் பாதி விடை இந்தப் படங்களிலேயே இருக்கிறது. நாம் பார்க்கிற பக்கத்தில்தான் கையும் தெளிக்கும். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும், அவசரத்தில் தெளிப்பானை எடுத்தால் எனக்கும் முதலில் மேலிருந்துதான் கை போகிறது.

பாதிக்கப்பட்ட ஒரு பெரிய இலையைக் கிள்ளி, குப்புறத் திருப்பி, வெளிச்சத்தில் 20 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடு நரம்பை ஒட்டிப் பாருங்கள், அங்கேதான் கூட்டம் அதிகம். கண்ணாடி மணி போல உருண்டையாக, மெல்லிய நூலில் சிக்கியதுபோல் கிடப்பவை முட்டைகள். வெளுத்துச் சுருங்கிக் கிடப்பவை உரித்த தோல்கள், அவற்றைச் செத்த பேன் என்று எண்ணி மகிழ்ந்துவிட வேண்டாம். முதுகின் இரு பக்கமும் கறுப்புத் திட்டோடு மெதுவாக நகர்வதுதான் தாய்ப்பேன், அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆறு காலோடு தெரிவது அப்போதுதான் பொரிந்த குஞ்சு. வளர்ந்தபின் கால் எட்டு. சில இடங்களில் அசையாமல் ஒட்டியிருக்கும் ஒன்றின் மேல் சின்னதாக, பின்பக்கம் கூராக இன்னொன்று காவல் இருப்பதைக் காண்பீர்கள். கடைசித் தோல் உரிக்கப்போகும் பெண்ணை ஆண் காத்துக்கொண்டிருக்கிறது. உரித்து வெளியே வந்தவுடன் கூடிவிடும். ஒரு நிமிடம்கூட வீணாக்காத இனம் இது.

இதன் பெயர் இரு புள்ளிச் சிலந்திப்பேன், அறிவியல் பெயர் டெட்ரானைக்கஸ் அர்டிகே. பூச்சி என்று வழக்கத்தில் சொன்னாலும் சிலந்திக்கும் உண்ணிக்கும்தான் நெருங்கிய உறவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளில் வாழும். ரோஜா அதற்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று, ரோஜாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அது ஊசி போன்ற வாயை இலைக்குள் செலுத்தி ஒவ்வொரு செல்லாக உறிஞ்சுகிறது. பச்சையம் போன செல் வெறும் காற்றுப் பையாகி வெளுத்துத் தெரியும். நீங்கள் கண்ட வெள்ளைப் புள்ளி அதுதான். சத்துக் குறைபாட்டுப் புள்ளி நரம்புகளுக்கு இடையிலோ இலை ஓரத்திலோ ஓர் ஒழுங்கோடு வரும். இது ஊசியால் குத்தியதுபோல் கண்டபடி சிதறியிருக்கும். முதலில் குழம்பாதவர் எவரும் இல்லை. ஆனால் நீங்கள் உரத்தைக் கூட்டியது பேனுக்கு விருந்தாகிவிட்டது. தழைச்சத்து மிகுந்த இலையில் அது கூடுதலாக முட்டையிடும். உரத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் பிரச்சினை முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

29 டிகிரியில் முட்டை மூன்று நான்கு நாளில் பொரிகிறது. எட்டு ஒன்பது நாளில் அந்தக் குஞ்சே தாயாகி முட்டையிடத் தொடங்குகிறது. ஒரு தாய் நல்ல நிலையில் நாளுக்கு ஐந்து முதல் பத்து முட்டை வரை இடும், ஆயுளில் நூறைத் தாண்டும். ஆணோடு கூடாத பெண்ணும் முட்டையிடும். அதில் வருவதெல்லாம் ஆண். பிறகு அந்த ஆண்களோடே கூடிப் பெண்களைப் பெறும். உங்கள் சட்டைக் கையில் ஒட்டிவந்த ஒரே ஒரு பெண்பேன் போதும்.

நீங்கள் தெளித்தது ஏழு நாளுக்கு ஒரு முறை. மேலிருந்து தெளித்ததில் மருந்து பட்டு இறந்தவை போக, அடிப்பக்கத்தில் தப்பியவையும் முட்டைகளும் இருந்தன. நான்காம் நாளுக்குள் முட்டை பொரிந்தது, ஏழாம் நாளுக்குள் தாயாகும் தறுவாய்க்கு வந்தது. அடுத்த தெளிப்பு வந்தபோது உங்களுக்கு எதிரே நின்றது கிட்டத்தட்ட புதுப் படை. மூன்று முறை அடித்தும் குறையவில்லை என்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் முதல் முறைதான் அடித்திருக்கிறீர்கள். வேப்பெண்ணெயை இதில் குறை சொல்ல மாட்டேன்.

இதே பேன் 20, 21 டிகிரியில் முட்டையிலிருந்து தாயாக இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பூத்த செடிக்கு வரும்போது தேவைப்படும்.

இளஞ்செடிகள் இரண்டும் பிழைத்துவிடும், கவலை வேண்டாம். அவை இன்னும் பூக்கவில்லை, இப்போது தெளிப்பது அறுவடைப் பூவில் தங்காது. வேப்பெண்ணெயை நிறுத்திவிட்டு, செடிகளுக்கென்றே விற்கும் பொட்டாசியம் சோப்புக் கரைசலுக்கு மாறுங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவம் வேண்டாம். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பிறந்தது, இலையின் மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். பெரும்பாலான சோப்புத் தயாரிப்புகளில் லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 மில்லி வரும். உங்கள் பாட்டிலின் லேபிள் வேறு சொன்னால் லேபிள் சொல்வதுதான் சரி. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும், கலக்கியதும் வெள்ளைத் திரள் மிதந்தால் வடிகட்டிய மென்னீர் எடுங்கள். முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கருகவில்லை என்றால் தொடங்கலாம்.

சோப்பு, ஈரமாகப் பேன் உடம்பில் படும்போது மட்டுமே கொல்லும். உலர்ந்துவிட்டால் சக்தி போயிற்று. எனவே படாத இடம் தப்பித்த இடம். இளஞ்செடி முழங்கால் உயரம்கூட இல்லை என்றால் தெளிக்கவே வேண்டாம், முக்கிவிடுங்கள். ஒரு வாளி நிறையக் கரைசல் எடுங்கள். தொட்டியின் மண்ணைப் பிளாஸ்டிக் உறையால் மூடித் தண்டைச் சுற்றிக் கட்டுங்கள். செடியைத் தலைகீழாகப் பிடித்து, இலையெல்லாம் மூழ்கும்படி கரைசலில் இறக்கி, அரை நிமிடம் மெதுவாக அசைத்து எடுங்கள். தெளிப்பானில் கால்மணி நேரம் கழுத்தை வளைத்துச் செய்கிற வேலை இதில் இரண்டு நிமிடத்தில் முடியும். அதைவிட முக்கியம், விடுபட்ட இலை என்று ஒன்று இருக்காது.

விளக்கு அணைந்த பிறகு செய்யுங்கள். ஈர இலை மேல் வளர்ப்பு விளக்கு எரிந்தால் கருகும். காற்றாடி ஓடட்டும், விடிவதற்குள் உலர வேண்டும்.

நாள் கணக்கு இதுதான்: இன்று, மூன்றாம் நாள், ஆறாம் நாள், ஒன்பதாம் நாள். சோப்பு முட்டையைச் சரியாகக் கொல்லாது, அதனால்தான் இந்த இடைவெளி. இன்று தப்பிய முட்டை பொரியும், பொரிந்த குஞ்சு முட்டையிடும் வயதை எட்டும் முன் குறைந்தது ஒரு முறை, பெரும்பாலும் இரண்டு முறை நம் வாளிக்குள் போய்வரும். ஆறாம் நாள் பார்த்தால் ஒரு பேனும் கண்ணில் படாது. ‘போய்விட்டது, எதற்கு வீணாக’ என்று தோன்றும். ஒன்பதாம் நாளைத் தவறவிட்டவர்களின் கடிதங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. அதற்குப் பிறகும் இரண்டு வாரம், மூன்று நாளுக்கு ஒரு முறை, ஒவ்வொரு செடியிலும் கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என மூன்று இலையைத் திருப்பி லென்ஸில் பாருங்கள். பூக்க விடுவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லாத் தெளிப்பையும் நிறுத்திவிட வேண்டும்.

இனி பூத்த செடிகள். இதில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வலை கட்டிய அந்தச் செடியை எடுத்துப் போட்டுவிடுங்கள். பூவின் மேல் வலை என்றால் பேன்கள் பெருகி, உணவு குறைந்து, கூட்டமாக உச்சிக்கு ஏறி வேறிடம் தேடுகின்றன என்று பொருள். காற்றாடிக் காற்றிலும் உங்கள் கையிலும் அடுத்த செடிக்குப் போகக் காத்திருக்கின்றன. வலை, தோல், முட்டை, கழிவு எல்லாம் பிசின் மிகுந்த பூவுக்குள் ஒட்டியிருக்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது. அந்தச் செடியில் பூவின் மேலேயே வேப்பெண்ணெயும் அடித்திருக்கிறீர்கள். பூத்த பிறகு மேலே விழுந்த எண்ணெய் அங்கேயேதான் இருக்கும். அதைச் சூடாக்கி ஒருவர் நெஞ்சுக்குள் இழுப்பதற்கு என் வீட்டில் நான் தர மாட்டேன். வலை உள்ள உச்சியை மட்டும் வெட்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இன்னொரு செடி அதே டென்ட்டில் இல்லையென்றால் யோசிக்கலாம். இருக்கிறதே.

எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். காற்றாடியை நிறுத்துங்கள். பெரிய குப்பைப் பையைச் செடியின் தலையிலிருந்து கீழே வரை கவிழ்த்து, அடியில் கட்டிய பிறகே தண்டை அறுங்கள். வெட்டிவிட்டுப் பிறகு பைக்குள் திணித்தால் அந்த உலுக்கலில் பாதிப் பேன் டென்ட்டில் உதிர்ந்துவிடும். பையை அன்றே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள்.

மீதமுள்ள ஒரு செடியில் புள்ளி மட்டும்தான், வலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அறுவடை வரை தாக்குப்பிடிக்கச் செய்ய முடியும். அதற்கு இரண்டு ஆயுதம்: குளிர்ச்சி, பேனைத் தின்னும் பேன். சோப்பு உட்பட வேறெதையும் அதன் மேல் அடிக்காதீர்கள்.

குளிர்ச்சி என்றால் 29-ஐ 21, 22 டிகிரிக்கு இறக்குவது. மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். மிச்சமிருக்கும் நான்கு வாரத்தில் 29 டிகிரியில் மூன்று தலைமுறைக்கு மேல் பெருகும். 21-இல் இரண்டைக்கூட முடிக்காது. ஒவ்வொரு தலைமுறையும் பல மடங்கு என்பதால் இந்த ஒன்றரைத் தலைமுறை வித்தியாசம்தான் புள்ளியோடு நிற்கும் செடிக்கும் வலை கட்டிய செடிக்கும் உள்ள வித்தியாசம். விளக்கை உயர்த்துங்கள் அல்லது மங்கலாக்குங்கள், வெளிக்காற்றை உள்ளே விடும் விசிறியைக் கூட்டுங்கள். மகசூல் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

பேனுக்கு ஈரம் ஆகாது, ஈரப்பதத்தை ஏற்றிவிடு என்று ஒரு யோசனை எங்கும் சொல்லப்படுகிறது. இளஞ்செடிக்கு அது சரி. ஐந்தாம் வாரப் பூவுக்கு ஆபத்து. அடர்ந்த பூவுக்குள் ஈரம் தங்கினால் சாம்பல் பூசணம் பிடித்து உள்ளிருந்தே அழுகும். பேன் தின்ற பூவைவிடப் பூசணம் பிடித்த பூ நுரையீரலுக்கு மோசமானது. ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டியே வையுங்கள்.

பேனைத் தின்னும் பேன்களில் பேர்போனது ஃபைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ். 1950களின் கடைசியில் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக வந்து சேர்ந்த உயிர். இன்று உலகெங்கும் கண்ணாடிக்கூடங்களில் வெள்ளரியையும் ஸ்ட்ராபெர்ரியையும் காப்பது அதுதான். நாளுக்கு இருபது முட்டையோ ஐந்து வளர்ந்த பேனோ தின்றுவிடும். மிதமான வெப்பத்தில் சிலந்திப்பேனைவிட வேகமாகப் பெருகும். சிலந்திப்பேனைத் தவிர வேறெதையும் தொடாது என்பதால், இரை தீர்ந்தால் தானும் பட்டினியில் மடியும். குறை என்னவென்றால் அதற்கு 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும், இல்லாவிட்டால் முட்டை காய்ந்துபோகும். உங்கள் பூ டென்ட்டில் அது இருக்காது, இருக்கவும் கூடாது.

எனவே முதன்மையாக நியோசியூலஸ் கலிஃபோர்னிகஸ் வாங்குங்கள். வறட்சியையும் சூட்டையும் தாங்கும், இரை குறைந்தால் மகரந்தம் தின்று காத்திருக்கும். சின்னக் காகிதப் பொட்டலமாக வரும், கிளையில் மாட்டிவிட்டால் சில வாரம் உள்ளிருந்து ஊர்ந்து வந்துகொண்டே இருக்கும். பெர்சிமிலிஸும் ஒரு குப்பி கிடைத்தால் கீழ் இலைகளில் தூவுங்கள், அடர்ந்த நிழலில் இலையை ஒட்டிய காற்று சற்று ஈரமாகவே இருக்கும். குப்பி வந்த அன்றே தூவிவிட வேண்டும். தூவும் முன் கொஞ்சம் வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள், ஓடினால் உயிரோடு இருக்கிறது.

பூவின் மேல் மட்டும் தூவ வேண்டாம். அந்தப் பிசின் முடிகளில் நம் ஆட்கள் ஒட்டிக்கொண்டு செத்துப்போவார்கள். விசிறி போல் விரிந்த பெரிய இலைகளின் அடியில்தான் அவர்களுக்கு வேலை. இந்தக் காரணத்தாலேயே கஞ்சாவில் இவற்றைப் பூப்பதற்கு முன்பே விடுவது நல்லது. ஐந்தாம் வாரத்தில் விட்டால் முழு ஒழிப்பை எதிர்பார்க்க முடியாது, பெருகாமல் பிடித்து வைக்கும், அவ்வளவே. அடுத்த முறை இளஞ்செடியிலேயே பொட்டலத்தை மாட்டிவிடுங்கள். உங்கள் இளஞ்செடிகளுக்கும் ஒன்பதாம் நாள் சோப்பு முடிந்து நன்றாக உலர்ந்ததும் மாட்டலாம். ஆனால் அவற்றின் மேல் வேப்பெண்ணெய்ப் படலம் இன்னும் இருந்தால் முதலில் வெறும் தண்ணீரில் கழுவி ஒரு வாரம் விடுங்கள்.

பொறிவண்டு வாங்கி விடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். விற்பனையில் கிடைக்கும் பொறிவண்டுகளுக்கு அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சிதான் பிடிக்கும், சிலந்திப்பேனில் ஆர்வம் குறைவு. டென்ட்டில் திறந்துவிட்டால் விளக்கைச் சுற்றிப் பறந்து அங்கேயே செத்து விழும். பார்க்க அழகு, பயனில்லை.

இப்போது உங்கள் ஆரஞ்சுப் பேன். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் அடுத்த வருடத் தொல்லை அதில்தான் ஒளிந்திருக்கிறது. அது வேறு இனம் அல்ல. பூ வருவதற்காக நீங்கள் விளக்கைப் பன்னிரண்டு மணி நேரமாகக் குறைத்தீர்கள். செடிக்கு மட்டுமா அது செய்தி? பேனுக்கும் பகல் குறைகிறது. உணவும் பழசாகி, வெப்பமும் இறங்கினால் குளிர்காலம் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறது. அந்தச் சூழலில் வளர்ந்து வரும் பெண்கள் முதுகுத் திட்டை இழந்து ஆரஞ்சு நிறமாகி, உண்ணாமல், முட்டையிடாமல், இடுக்குகளில் போய் உறங்கிவிடும். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். டென்ட் ஜிப்பின் மடிப்பு, துணித் தையல், தொட்டியின் விளிம்புக்கு அடி, கம்பிகள் சேரும் மூட்டு இவையெல்லாம் அவற்றுக்குப் படுக்கை. மருந்தும் அங்கே எட்டாது.

நான் சொன்ன குளிர்ச்சி இன்னும் சிலவற்றை உறங்க அனுப்பும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பூவைக் காப்பாற்ற இன்று அந்த விலையைக் கொடுக்கலாம், அறுவடைக்குப் பின் அதைத் திரும்ப வசூலிக்க வழி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் விடப்போகும் பெர்சிமிலிஸும் ஆரஞ்சு நிறம்தான். அதை எதிரி என்று நசுக்கிவிடாதீர்கள். பெர்சிமிலிஸ் பேரிக்காய் வடிவில் பளபளப்பாக, நீண்ட காலோடு, லென்ஸுக்குள் நிற்காமல் ஓடும். உறங்கப் போகும் சிலந்திப்பேன் முட்டை வடிவில் மந்தமாக இருக்கும். தொட்டால் நகர்வதற்கே யோசிக்கும்.

அறுவடை நாளில் கிளைகளை வெட்டித் தொங்கவிட்டதும், காயும் இலையைவிட்டு மீதிப் பேன்கள் மேலே ஏறும். உச்சியில் திரண்டு நூலில் தொங்குவதைப் பார்க்கலாம். அந்த நுனிகளை வெட்டி எறிந்துவிடுங்கள். காயவைக்கும் இடம் இளஞ்செடிகள் இருக்கும் அறையாக இருக்கக் கூடாது.

பிறகு பெரிய டென்ட்டைக் காலி செய்து, தொட்டிகள், தட்டுகள், வடிகுழாய் எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சுடுநீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். டென்ட்டின் ஒவ்வொரு தையலையும் தூசி உறிஞ்சும் கருவியால் இழுத்து, அதன் பையை உடனே வெளியே எறியுங்கள். வெளுப்பானை மட்டும் நம்ப வேண்டாம், முட்டையை அது நிச்சயமாகக் கொல்லும் என்று சொல்ல முடியாது. எல்லாம் முடிந்ததும் ஒரு இலைகூட இல்லாத டென்ட்டில் விளக்கைப் பதினெட்டு மணி நேரம் எரியவிட்டு, உள்ளே 30 டிகிரி இருக்கும்படி இரண்டு மூன்று வாரம் விடுங்கள். உறங்குபவை வசந்தம் வந்ததென்று விழித்து வெளியே வரும். தின்ன ஒன்றும் இருக்காது. விழித்த பேன் பட்டினியில் சில நாள்தான் தாங்கும். மின்சாரச் செலவுக்கு மனம் வராமல் இதைத் தவிர்ப்பவர்கள் அடுத்த பயிரில் ஆறாவது வாரம் எனக்கு எழுதுகிறார்கள்.

ரோஜா. நான் ஊகிப்பது சரியென்றால் எல்லாம் அங்கிருந்துதான் வந்தது. அதன் அடி இலையைத் திருப்பிப் பாருங்கள். வெளிறிப் புள்ளி விழுந்திருந்தால் ஊகம் உறுதி. மேலும் அந்த ரோஜாவுக்கு ஆபமெக்டின் அடித்து வந்தீர்கள் என்றால், அதில் தப்பியவற்றின் பிள்ளைகள்தான் இப்போது உங்கள் டென்ட்டில் இருக்கக்கூடும். இந்த இனத்துக்கு மருந்தை எதிர்த்துப் பழகுவது கைவந்த கலை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களுக்கு உலகில் எங்காவது அது எதிர்ப்புத்திறன் பெற்றிருக்கிறது. என் இளமையில் ஒரு ரோஜாக் கண்ணாடிக்கூடத்தில் அசுவினிக்காகப் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லியை அடிக்கச் சொன்னவன் நான்தான். அசுவினி போனது. பேன்தின்னிகளும் சேர்ந்து போயின. மூன்றாவது வாரம் கூடம் முழுக்க வலை, பூ ஒன்றுகூட விற்கும் நிலையில் இல்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை. லென்ஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து மருந்தைப் பற்றிக் கேட்பவரிடம் முதலில் லென்ஸ் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். ரோஜாவை வேறு அறைக்கு மாற்றி, இலைகளை உருவி, தண்டைக் கழித்து, இளஞ்செடிக்குச் சொன்ன அதே நாட்களில் சோப்பில் குளிப்பாட்டுங்கள்.

வீட்டுக்குள் நடமாடும் வரிசையும் முக்கியம். காலையில் முதலில் இளஞ்செடி, அடுத்தது பூத்த செடி, கடைசியாக ரோஜா. திரும்பிப் போக வேண்டுமென்றால் சட்டையை மாற்றிக்கொண்டு போங்கள். மனிதரைக் கடிக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் அந்த நினைப்பு இருக்கும். கடிக்காது. கையாள்பவர்களில் சிலருக்கு ஒவ்வாமையால் தும்மலும் தோல் அரிப்பும் வருவதுண்டு. செடியை எடுக்கும் நாளில் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வேலையைக் கணவரிடம் கொடுக்க வேண்டாம்.

ஒன்பதாம் நாள் சோப்பு முடிந்து ஒரு வாரம் கழித்து எனக்குப் படம் அனுப்புங்கள். இளஞ்செடியில் மூன்று இலை, பூத்த செடியில் மூன்று இலை, லென்ஸை கேமராவில் வைத்து எடுத்தது. ஆறும் அடிப்பக்கமாக இருக்கட்டும்.